உமரிக்குச் சீட்டு எழுதுவது

மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வண்டியை நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் எடுக்கிறார்கள். வெள்ளைக் குவியல்கள், வானத்தைத் தாங்கிக் கிடக்கும் பாத்திகள், தலையில் உப்புக்கூடையோடு வரப்பில் வரிசையாக நடக்கும் பெண்கள். படம் எடுத்து முடித்ததும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "ஒரு புல் பூண்டு கூட இல்ல பாருங்க." இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனம் நோகிறது. அவர் நிற்கும் இடத்திலேயே, செருப்புக்குப் பக்கத்தில், உமரி படர்ந்திருக்கும். மழை முடிந்த கையோடு பச்சையாகத் துளிர்த்து, வெயில் ஏற ஏற செம்பட்டையாகி, கோடையில் வரப்பு முழுவதும் குங்குமம் கொட்டியதுபோல் ஆகிவிடும் செடி அது. அதைக் கண் பார்க்கிறது. ஆனால் அதற்கு ஒரு பெயர் உண்டு, ஒரு வாழ்வு உண்டு என்று யாரும் சொல்லித் தராததால் மனம் அதைப் பதிந்துகொள்வதில்லை.

உப்பளக்காரர்கள் நீரை டிகிரியில் அளப்பார்கள். கடலில் 3.5 டிகிரி அளவில் இருக்கும் நீர், பாத்தி மாறிப் பாத்தி மாறி வெயிலில் சுண்டி, 25 டிகிரியைத் தொடும்போது உப்பாக உறையத் தொடங்குகிறது. அந்த வழி நெடுக ஒவ்வொரு படியிலும் ஒரு குடித்தனம் இருக்கிறது. முதல் பாத்திகளில் மீன்குஞ்சும் இறாலும் ஓடும். இன்னும் சுண்டிய நீரில் நீலப்பச்சைப் பாசி தரையில் தோல்போலப் படிந்து, நீர் மண்ணுக்குள் கசிந்து போகாமல் அடைத்துக்கொள்ளும். கடைசிப் பாத்திகளில் மீனும் இல்லை, பாசித்தோலும் இல்லை. அங்கே டுனாலியெல்லா என்ற ஒற்றைச்செல் பாசியும், உப்பில் மட்டுமே வாழத் தெரிந்த செந்நிற நுண்ணுயிர்களும் பெருகி நீரை இளஞ்சிவப்பாக்கும். அந்தச் சிவப்பு வெயிலின் சூட்டைக் கூடுதலாக வாங்கிக்கொள்வதால் நீர் விரைவாக ஆவியாகிறது. உயிரே இல்லை என்று நாம் சொல்லும் இடத்தில் உப்பு விளைவதற்கே உயிர்கள் வேலை செய்துகொண்டிருக்கின்றன. இதை முதன்முதலில் படித்த நாளில் சோற்றில் உப்புப் போட்டுக்கொள்ளும்போது கை கொஞ்சம் தயங்கியது.

பறவைகளைச் சொல்லவேண்டும். நெடுங்கால் உள்ளான் ஆண்டு முழுவதும் பாத்தியில் குச்சிக்கால் வைத்து நிற்கும். கொசு உள்ளான் என்று ஒன்று. முப்பது கிராம் தேறினால் அதிகம். வட சைபீரியாவில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து சேற்றைக் கொத்திக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே கழுவெளி. சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீர் வந்து சேர்ந்து, கழிமுகத்தின் வழியாகக் கடலோடு பேசும் உவர்நீர்ப் பரப்பு. பூநாரையும் கரண்டிவாயனும் கூழைக்கடாவும் இறங்கும் இடம். 2021 டிசம்பரில் தமிழக அரசு அதில் 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அதற்கு முன்பு வருவாய்த்துறையின் ஏட்டில் இப்படிப்பட்ட நிலங்களுக்குப் புறம்போக்கு என்றுதான் பெயர். 2000-இல் வெளிவந்த இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுதியைப் பாருங்கள். சதுப்பும் நீர் தேங்கிய நிலமும் அதில் தரிசு வகை. உவர்ப்பு ஏறிய நிலமும் தரிசு வகை. ஒரு நிலத்தைத் தரிசு என்று ஏட்டில் எழுதிவிட்டால், பிறகு அதில் எதைக் கட்டினாலும் யாருக்கும் எதுவும் பறிபோனதாகக் கணக்கில் வராது.

அந்த ஏட்டுக்கு எதிராக வைக்கக்கூடிய இன்னொரு ஏடு இருக்கிறதா என்ற கேள்விதான் என்னை இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்களின் பக்கம் கொண்டுபோனது.

பழைய சென்னையில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் 'செத்த காலேஜ்' என்று பெயர். 1851-இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தின் எழும்பூர் வளாகத்திலேயே 1855-இல் அதன் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் உயிருள்ள விலங்குகளையும் வைத்தார். அது பிறகு தனி விலங்குக் காட்சிசாலையாகி 'உயிர் காலேஜ்' ஆனது. காணும் பொங்கலுக்குக் கிராமத்திலிருந்து வண்டி கட்டி வந்தவர்களின் வாயில் புழங்கிய பெயர்கள் இவை. எனக்கு இவற்றின் மேல் பெரிய மதிப்பு உண்டு. பாடம் செய்த விலங்கும் எலும்புக்கூடும் திமிங்கிலமும் இருக்கும் இடத்தை அவர்கள் வேடிக்கைக் கூடம் என்று சொல்லவில்லை, காலேஜ் என்றார்கள். செத்ததிடம் படிக்க வேண்டியது இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் என்ன படிப்பது? சிறு வயதில் நான் புட்டிக்குள் இருக்கும் மீனைப் பார்ப்பேன். இப்போது புட்டியின் கழுத்தில் கட்டிய சீட்டைப் பார்க்கிறேன். எந்த ஊர், எந்தத் தேதி, எவ்வளவு ஆழம், யார் கொண்டுவந்தது. மீன் நிறம் வெளுத்து, கண் பூத்து, யாரும் அடையாளம் காணமுடியாத பொருளாக மாறிவிட்டிருக்கும். சீட்டு மட்டும் பேசும். சீட்டு தொலைந்த மீன் ஊறுகாய்க்குச் சமம் என்று ஒரு விலங்கியல் ஆசிரியர் என்னிடம் சொன்னார். கருவாட்டு ஊரில் பிறந்தவனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இதே கடற்கரையில் தெற்கே போனால் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்களின் ஊராக இருந்தபோது அங்கே கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் மீன்களைச் சேகரித்து, பெர்லினில் இருந்த மார்க்கஸ் பிளாக் என்ற மருத்துவருக்குக் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தார். நம் பக்கத்து மீன்கள் பலவற்றுக்கு அறிவியல் பெயர் கிடைத்தது அந்தப் பொதிகளால்தான். வரிவரியான விரால் 1793-இல் பிளாக்கின் கையால் பெயர் பெற்றது. கத்தாழை மீன் குலத்துக்கு அவர் ஜானியஸ் என்று நண்பரின் பெயரை வைத்தார். அந்தக் குலத்தில் ஓர் இனத்தின் பெயர் 'கருத்தா'. கறுத்த கத்தாழை என்று தரங்கம்பாடிக் கரையில் யாரோ ஒரு மீனவர் வலையைக் கொட்டிவிட்டுச் சொன்ன சொல், பாதிரியாரின் காதில் விழுந்து, பெர்லினில் லத்தீன் வேடம் போட்டுக்கொண்டு இன்றுவரை அச்சில் நிற்கிறது. ஜானின் பெயர் நின்றது, மீனின் பெயர் நின்றது. சொன்னவர் பெயர் இல்லை.

பனையேறிக் கெண்டையின் கதையும் அப்படித்தான். தால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி 1791 நவம்பரில் தரங்கம்பாடியில் ஒரு குளத்தங்கரைப் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீனைப் பிடித்ததாக எழுதி, அது 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் வந்தது. ஐரோப்பாவில் பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் நம்பவில்லை. ஆனால் 'பனையேறி' என்று தமிழில் பெயர் வைத்தவன் அவருக்கு எத்தனையோ தலைமுறை முன்னால் அதைப் பார்த்திருக்கிறான். பெயரே ஒரு களக்குறிப்பு. தேதிதான் இல்லை.

பிளாக்கின் தொகுப்பு பெர்லின் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2009 வரை அது பல்கலைக்கழக அருங்காட்சியகமாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போரில், 1945 பிப்ரவரியில், குண்டு விழுந்து கட்டடத்தின் கிழக்குப் பகுதி நொறுங்கியது. அந்த இடிபாட்டை மறுபடி எழுப்பி 2010-இல் திறந்தபோது, சாராயத்தில் ஊறும் மாதிரிகள் அத்தனையையும் கண்ணாடிச் சுவருக்குள் பல மாடி உயரத்துக்கு அடுக்கினார்கள்; 2,70,000-க்கு மேற்பட்ட புட்டிகள். தரங்கம்பாடிக் கடற்கரை மீன்கள் போரையும் தாண்டி அங்கே இருக்கின்றன. அவை அங்கே இருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. காப்பாற்றி வைத்திருக்கிறார்களே என்ற நன்றியும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் இப்படி ஓர் இடம் எதற்கு என்று ஜோசப் கிரின்னலைப்போல யோசித்தவர்கள் குறைவு. 1908-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஆனி அலெக்சாண்டர் என்ற பெண்மணியின் பணத்தில் தொடங்கிய முதுகெலும்பி விலங்குகள் அருங்காட்சியகத்துக்குக் கிரின்னல்தான் முதல் இயக்குநர். நாம் சேர்க்கும் இவற்றின் உண்மையான பயன் நம் காலத்தில் தெரியாது, ஒருவேளை நூறு வருஷம் கழித்துத்தான் தெரியும் என்று 1910-இலேயே எழுதினார். அவரும் மாணவர்களும் யோசமைட்டி மலையில் எலி, அணில் வகைகளைப் பிடித்து, எந்த உயரத்தில் எது கிடைத்தது என்று நாள் தவறாமல் குறித்தார்கள். ஏறத்தாழ நூறு வருஷம் கழித்து அதே பல்கலைக்கழகத்தார் அதே இடங்களில் மறுபடி தேடினார்கள். 2008-இல் முடிவு வந்தது: பார்த்த 28 சிறு பாலூட்டி இனங்களில் பாதியளவு, சராசரியாக 500 மீட்டர் மேலே ஏறிப் போயிருந்தன. மலை சூடாகிவிட்டது என்று எலிகள் சொன்ன சாட்சியம் அது. பழைய ஏடு இல்லாமல் போயிருந்தால் புதிய தேடலுக்குப் பொருளே இருந்திருக்காது.

கிரின்னல் அரிய விலங்கைத் தேடிப் போகவில்லை. எல்லாரும் மிதித்துக்கொண்டு போகும் எலியைக் குறித்துவைத்தார். நான் மரக்காணத்துக்காகக் கேட்பதும் இதுதான். பூநாரை வந்தால் படம் வரும், செய்தி வரும். உமரிக்கும், சேற்று நண்டுக்கும், பாத்தியின் இளஞ்சிவப்பு நீருக்கும் ஒரு தேதியும் ஒரு சீட்டும் வேண்டும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. மரக்காணத்திலிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் மயிலத்தில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. உப்பளம் முழுவதும் ஒரே ஏரியானது. உப்பில் மட்டுமே வாழத் தெரிந்த உயிர்கள் அத்தனை நல்ல தண்ணீரில் என்ன ஆகின, எத்தனை நாளில் திரும்பி வந்தன? தொழிலாளர்களுக்குச் சோறு போடும் கேள்வி இது. பாத்தி எப்போது பழையபடி 'பிடிக்கும்' என்பதோடு சேர்ந்த கேள்வி. இதற்கு விடை சொல்ல அந்த வருஷம் அக்டோபரில் எடுத்த பத்துப் புட்டி நீர் ஏதாவது அலமாரியில் இருந்திருந்தால் போதும்.

நம்மிடம் அப்படிப்பட்ட அலமாரிகள் இல்லாமல் இல்லை. மரக்காணத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்குள், வெள்ளாற்று முகத்துவாரத்தில், பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்காக ஆர். வி. சேஷைய்யா 1961-இல் அங்கே கடல் உயிரியல் நிலையத்தை நிறுவினார். இரண்டே வருஷத்தில் அது உயராய்வு மையமானது. அந்த மையத்தோடு சேர்ந்தே அருங்காட்சியகமும் வளர்ந்தது. சிப்பி, நண்டு, பவளம், மீன், வெள்ளாற்றிலும் பிச்சாவரத்திலும் வங்கக் கடலிலும் கிடைத்தவை. அந்த மாதிரி இடத்தில் எனக்குப் பிடித்தது அதன் அமைவிடம்தான். சாலையில் வலை காய்கிறது, அடுத்த தெருவில் ஆய்வகம். கடலில் பார்க்காத மீன் ஒன்று வலையில் ஏறினால், அதைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு நடந்தே போய், "இது என்னா மீனு, தின்னலாமா?" என்று கேட்கக்கூடிய தூரம். பொதுச்சேவை என்று பல்கலைக்கழக அறிக்கைகளில் பெரிய பெரிய சொற்களில் எழுதுவதை நான் இந்த ஒரு கேள்வியாகத்தான் புரிந்துகொள்கிறேன். பேத்தை மீனைத் தெரியாமல் சமைத்தால் உயிர் போகும். யாரிடம் கேட்பது என்று ஒரு கடற்கரை ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த மையம் வேறு ஒரு காரியமும் செய்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கே. கதிரேசனும் என். ராஜேந்திரனும் பரங்கிப்பேட்டைக் கரையோரம் 18 குக்கிராமங்களின் இழப்பைக் கணக்கெடுத்து, அலையாத்திக் காடு இருந்த இடத்தில் உயிர்ச்சேதம் குறைவு என்று 2005-இல் எழுதினார்கள். உலகம் முழுவதும் அதைப் பேசியது. அடுத்த வருஷமே மறுப்பு வந்தது: அந்த எண்களையே எடுத்து வேறுவிதமாகக் கணக்கிட்ட மூவர், ஊர் இருக்கும் மேடும் கடலிலிருந்து அதன் தூரமுமே பெரும்பாலானதை விளக்கிவிடுகின்றன என்றார்கள். இந்த வாதத்தில் யார் பக்கம் நிற்பது என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. கூனிமேடு, அனுமந்தை போன்ற கடற்கரை ஊர்களில் இருக்கும் மனிதர்களின் உயிரைப் பற்றிய ஒரு கேள்வியை, எண்களை வைத்துக்கொண்டு, மறுத்தும் மீண்டும் யோசித்தும் பேச முடிந்தது. பக்கத்திலேயே இருந்து பல வருஷம் அந்தக் கரையை அளந்த ஒரு பல்கலைக்கழகம் இருந்ததால் அது முடிந்தது.

செடிகளின் பக்கம் பார்த்தால் நிலைமை இன்னும் நன்றாகவே இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் கே. எம். மேத்யூ 1967-இல் தொடங்கிய ராபினாட் உலர்தாவரத் தொகுப்பு, ஒரு கல்லூரி மனம் வைத்தால் ஒரு சமவெளி முழுவதற்கும் தாவர ஏடு எழுதிவிட முடியும் என்று காட்டியது. புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பு இருக்கிறது. மரக்காணம் போகும் சாலையிலேயே கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றி வீரையும் பாலையும் காயாவும் அடர்ந்த காடு நிற்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தார் அந்தக் காட்டின் மரங்களையும் கொடிகளையும் ஒன்றுவிடாமல் எண்ணி 1997-இல் வெளியிட்டார்கள். அய்யனாருக்குப் பயந்து ஊர் காத்த காட்டை ஆய்வு ஏட்டில் ஏற்றியபோது காவல் இரட்டிப்பானது. உப்பளத்துக்கு அய்யனார் இல்லை. அதனால் ஏடாவது வேண்டும்.

உயிரைப் பிடித்துக் கொன்று புட்டியில் போடுவது என்ன சேவை என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அந்தக் கேள்வியை ஒதுக்க மாட்டேன். வேட்டைத் துப்பாக்கியோடு அலைந்த சேகரிப்பாளர்களின் காலம் போய்விட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அனுமதியில்லாமல் ஒரு காட்டுப் பறவையின் இறகைத் தொடவும் யோசிக்க வேண்டும். ஆனால் கரைவலை இழுத்து மீனைப் பிரித்தபின் மணலில் எறிந்துவிட்டுப் போகிறார்களே, விலைபோகாத குப்பை மீன், அதிலேயே ஓர் அருங்காட்சியகத்துக்கு வேண்டியதில் பாதி கிடக்கிறது. பங்குனியில் கரை ஒதுங்கும் செத்த ஆமை கிடக்கிறது; அதைத் தொட மட்டும் அனுமதி வேண்டும். புதிதாக ஒன்றையும் கொல்ல வேண்டியதில்லை. குனிந்து எடுத்து, தேதி எழுத வேண்டும்.

2002 பல்லுயிர்ச் சட்டம் ஊராட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதச் சொல்கிறது. அதில் ஊரார் சொன்ன பெயர் இருக்கும், பயன் இருக்கும், பொருள் இருக்காது. அருங்காட்சியகத்தில் பொருள் இருக்கும். ஊரார் சொன்னது இருக்காது. இந்த இரண்டையும் சேர்த்து வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது உமரியால்தான். நம் கரையில் உமரி என்ற ஒரே பெயரில் இரண்டு மூன்று வேறு வேறு குலத்துச் செடிகள் இருக்கின்றன. ஒன்றுக்கு இலை உண்டு, ஒன்றுக்குத் தண்டே இலைபோல இருக்கும். பூவும் விதையும் பார்க்காமல் நிபுணர்களே சொல்லத் தயங்குவார்கள். எந்த உமரியை ஆடு தின்னும், எதை மனிதர் தின்னலாம் என்று தெரிந்தவர்கள் உப்பளத்தில் இருக்கிறார்கள்.

போன தை மாதம் ஒரு காலையில் அப்படி ஒரு ஆயாவைப் பார்த்தேன். பாத்தியில் வேலை விட்டு வரப்பில் உட்கார்ந்து காலில் உப்பு அரித்த இடத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். செடியைக் காட்டிக் கேட்டேன்.

"உமரிதான் தம்பி. கீரையாக் கடையலாம். ரெண்டு தரம் வேக வெச்சித் தண்ணிய வடிச்சிக் கொட்டிடணும். உப்புப் போடக்கூடாது, அதுலயே கெடக்குது."

"அதோ அதுவும் உமரிதானே ஆயா?"

"அது ஆகாது. அத யாரு தின்னுவா?" என்று சிரித்தார். கொசு உள்ளானைக் காட்டிக் கேட்டதற்கு, "ஆடி முடிஞ்சா வரும், சித்திரையில போயிடும்," என்றார். பறவையியலாளர்கள் வளையம் போட்டு அளந்து சொல்லும் வலசைக் கணக்கும் அதுதான்.

இரண்டு செடியிலும் பூவோடு ஒரு கொத்து எடுத்து, பழைய செய்தித்தாளுக்குள் விரித்து வைத்தேன். மடியில் அட்டை வைத்துச் சீட்டு எழுதினேன். மரக்காணம், உப்பளம், வரப்பு, தேதி. உண்ணும் உமரி, உண்ணா உமரி என்று தனித்தனியாக. அவர் சொன்ன சமையல் முறையை அப்படியே. சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். எழுதிவிட்டு அவர் பெயரைக் கேட்டேன். எதற்கு என்றார். இந்தச் செடியோடு இந்தச் சீட்டும் போகும், நூறு வருஷம் கழித்து யாராவது எடுத்துப் பார்ப்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் பெயரையும் கூடவே அப்பா பெயரையும் சொன்னார்.

சதைப்பற்றுள்ள செடி லேசில் காயாது. தினமும் தாளை மாற்றவேண்டும், இல்லாவிட்டால் பூசணம் பிடித்துவிடும். ஐந்தாம் நாள் மாற்றிய தாளை வெயிலில் போட்டேன். மாலையில் எடுக்கும்போது அச்செழுத்துகளின் மேல் ஒவ்வோர் இலையும் கிடந்த இடத்தில் பொடிப்பொடியாக உப்பு பூத்திருந்தது.